‘கூப்பிடுவோம்’ என்ற பிறகு: கோலாலம்பூரில் தள்ளிப்போன ஒரு பித்தப்பை அறுவை சிகிச்சை

2020 மார்ச் கடைசி வாரத்தில் நடந்திருக்க வேண்டிய ஒரு பித்தப்பை அறுவை சிகிச்சை, 2021 நவம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த அம்மா ஒருமுறை செத்துப் பிழைத்தார். அவர் சிகிச்சை பெற்ற அரசாங்க மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் நான் மருத்துவ அதிகாரி. அவரும் அவருடைய மகனும் சம்மதம் தந்த பிறகு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு இதை எழுதுகிறேன்.

பெருந்தொற்று என்றதும் கோவிட் வந்து இறந்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் கோவிட் தொற்றாமலே அதனால் அடிபட்ட பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது. குடலிறக்கம், பித்தக்கல், மூட்டுத் தேய்மானம், கண்புரை, கர்ப்பப்பைக் கட்டி என்று தேதி வாங்கிக்கொண்டு காத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவருடைய கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் எது எங்கே தவறியது என்று தெரிகிறது. அறுவையைத் தள்ளிவைத்ததில் தவறில்லை என்பது என் முடிவு. தள்ளிவைத்த பிறகு, அந்தக் காத்திருப்பு முழுவதையும் அவர் தலையிலேயே போட்டுவிட்டோம். தவறு அங்கேதான்.

கல் இருப்பது தெரிந்திருந்தது

செந்தூல் பக்கம் அடுக்குமாடி வீடு. வயது 50-களின் நடுவில். பள்ளிக் கேண்டீனில் சமையல் உதவியாள் வேலை. பல வருடமாக இனிப்புநீர் (நீரிழிவு); அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். கணவர் இல்லை. மகன் லோரி ஓட்டுகிறார், மருமகளும் பேரப்பிள்ளைகளும் கூடவே இருக்கிறார்கள்.

2019 இறுதியில் வலது விலா எலும்புக்குக் கீழே வலி தொடங்கியது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வரும், முதுகுப் பக்கம் ஏறும், வாந்தி எடுத்தால் கொஞ்சம் தணியும். எல்லோரையும் போல அவரும் ‘கேஸ்ட்ரிக்’ என்றுதான் நினைத்தார். வட்டாரத் தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டார், சீரகத் தண்ணீர் குடித்தார். மூன்றாம் முறை வலி வந்தபோது அந்தக் கிளினிக் டாக்டரே சந்தேகப்பட்டு எங்களிடம் அனுப்பிவைத்தார். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பை நிறையக் கற்கள். பித்தக்குழாய் வீங்கவில்லை, கல்லீரல் சோதனையும் சரியாக இருந்தது. வயிற்றில் நான்கு சிறு துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுத்துவிடலாம், ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம், ஒன்றிரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லி மார்ச் கடைசி வாரத்தில் தேதி கொடுத்தார்கள்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அடுத்த ஓரிரு நாளில் அவருடைய மகனின் கைப்பேசிக்கு அழைப்பு போனது. அறுவை சிகிச்சை இப்போதைக்கு இல்லை, நிலைமை சீரானதும் கூப்பிடுவோம் என்றார்கள். அவ்வளவுதான் பேச்சு.

ஏன் நிறுத்தினோம்

அந்த முடிவை இன்று எடுக்கச் சொன்னாலும் நான் அதையேதான் எடுப்பேன். காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ‘ஒரு சின்ன ஆபரேஷனைச் செய்திருந்தால் என்ன?’ என்று குடும்பங்கள் இன்றும் கேட்கின்றன.

பொது மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் குழாய் விடுகிறோம். அந்த நேரத்தில் நோயாளியின் மூச்சிலிருந்து நுண்துளிகள் காற்றில் கலக்கும். அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து. துளைவழி அறுவையில் வயிற்றை ஊதவைக்கும் கரியமில வாயு வழியாகவும் கிருமி வெளியே வருமோ என்ற பயம் அந்த ஆரம்ப மாதங்களில் உலகம் முழுக்க இருந்தது. பிரிட்டனின் அறுவை மருத்துவ அமைப்புகள்கூடத் துளைவழி அறுவையில் கவனமாக இருக்கச் சொல்லின. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மயக்க மருந்து நிபுணர்களும் வென்டிலேட்டர்களும் ஐசியூவுக்குத் தேவைப்பட்டன. மூச்சுக்குழாயில் குழாய் விடத் தெரிந்தவர், வென்டிலேட்டரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் அவர்தான். அவர் ஐசியூவுக்குப் போய்விட்டால் அறுவை அரங்கின் கதவைத் திறந்து வைத்து என்ன பயன்?

நோயாளிக்கே இருந்த ஆபத்து எல்லாவற்றையும்விடப் பெரியது. அறுவையை ஒட்டிக் கோவிட் தொற்றிய 1,128 பேரை 24 நாடுகளில் கவனித்த கோவிட்சர்ஜ் ஆய்வு, 2020 மே மாதம் லான்செட் இதழில் வந்தது. அவர்களில் 23.8 விழுக்காட்டினர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல். பெரும்பாலானவை அவசர அறுவைகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருந்தாலும் இனிப்புநீர் உள்ள ஒரு பெண்ணை, வலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்த ஆபத்துக்குள் கொண்டுவர எந்த நியாயமும் இல்லை.

அதே குழு இன்னொரு கணக்கும் போட்டது. முதல் அலையின் உச்சமான 12 வாரங்களில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 2 கோடியே 84 லட்சம் திட்டமிட்ட அறுவைகள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. புற்றுநோய் அறுவைகளில் 37.7 விழுக்காடு தடைபடும், புற்றுநோய் அல்லாதவற்றில் 81.7 விழுக்காடு தடைபடும் என்றார்கள். எங்கள் பிரிவிலும் இதே வரிசைதான். கேன்சர் முதலில், மற்றவை பிறகு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘மற்றவை’ என்று ஒரே கட்டாகக் கட்டி வைத்ததில், ஒரு தடவை வலி வந்தவரும் ஐந்து தடவை வந்தவரும், இனிப்புநீர் இருப்பவரும் இல்லாதவரும் ஒன்றாகவே கிடந்தார்கள்.

வீட்டில் நடந்தது

கோப்பில் 2020 மார்ச்சுக்குப் பிறகு பல மாதம் எதுவும் இல்லை. வீட்டில் நடந்ததைப் பிற்பாடு அவரும் மருமகளும் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பள்ளிகள் மூடியதும் கேண்டீன் வேலை போனது. குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும், அதுவும் 10 கிலோமீட்டருக்குள் மட்டும் வெளியே போகலாம் என்றிருந்த நேரம். கட்டுப்பாடு தளர்ந்ததும் வீட்டிலேயே நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டி விற்க ஆரம்பித்தார். விடிகாலையில் தேங்காய்ப்பால் கொதிக்கும் வாடை அடித்தாலே குமட்டல் வரும். எண்ணெயை விட்டார், கறியை விட்டார், கடைசியில் இரவுச் சாப்பாட்டையே விட்டார். வலி வந்த நாளில் இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாராம். மே மாதம் ஒருமுறை இரவு முழுக்க வலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் கோவிட் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் போகவில்லை.

அடுத்த தடவை தாங்க முடியாமல் அவசரப் பிரிவுக்குப் போனார். ஊசி போட்டதும் வலி தணிந்தது. ‘பித்தக்கல், அறுவைக்குப் பட்டியலில் இருக்கிறார்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் வந்துபோன விவரம் பட்டியல் வைத்திருக்கும் மேசைக்கு வரவே இல்லை. அவசரப் பிரிவின் சீட்டு ஒரு இடத்தில், எங்கள் கிளினிக் கோப்பு ஒரு இடத்தில், தனியார் கிளினிக்கில் போட்ட ஊசிகளின் கணக்கு எங்குமே இல்லை. இனிப்புநீர் மருந்துகூட தபாலில் வந்துகொண்டிருந்தது. கூட்டத்தைக் குறைக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மாதங்களில் ஒரு டாக்டரோ மிஸ்ஸியோ (தாதியோ) அவர் முகத்தை நேரில் பார்த்த நாள் மிகக் குறைவு. சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போனது.

செப்டம்பரில் கிளினிக்குக்கு வந்தார். நாட்டில் தொற்று குறைந்திருந்த நேரம். ஜனவரிக்குத் தேதி போட்டார்கள். 2021 ஜனவரி 13-ஆம் தேதி கோலாலம்பூரில் மறுபடியும் நடமாட்டக் கட்டுப்பாடு. அந்தத் தேதியும் போனது. அவருடைய நீல நிறச் சந்திப்பு அட்டையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தேதி, அதன் மேல் கோடு, அடுத்த தேதி, அதன் மேலும் கோடு, மூன்றாவது இடத்தில் ‘அழைப்பு வரும்’ என்று மலாயில் எழுதி ஒரு முத்திரை. அட்டையின் பின்பக்கம் காலியாக இருந்தது. எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று எழுத அந்த இடம் தாராளமாகப் போதும்.

பிறகு நடந்ததுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. 2021 மார்ச், ஏப்ரல் வாக்கில் சில வாரங்களுக்கு அரங்கில் இடம் கிடைத்தது. அவர் பெயர் வந்தது. அழைத்தார்கள். கோப்பில் இருந்தது மகனின் பழைய எண். மகனுக்கு ஜொகூரில் வேலை, மாநிலம் கடக்கத் தடை இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார், எண்ணும் மாறியிருந்தது. ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று கோப்பில் குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்கள். அவரோ செந்தூலில் அதே வீட்டில்தான் இருந்தார்.

“நீங்க ஏம்மா ஒரு தடவை போன் பண்ணிக் கேக்கல?” என்று பிற்பாடு கேட்டேன்.

“கூப்பிடுறோம்னு சொன்னாங்களே டாக்டர். கொரோனாவுல அவங்களே அவ்வளவு கஷ்டப்படுறாங்க, நாம போயி தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்துட்டேன்.”

அடிக்கடி வந்து கவுண்டரில் நின்று கேட்டவர்களுக்கு எப்படியோ ஒரு தேதி கிடைத்தது. சொன்ன சொல்லை நம்பி வீட்டில் இருந்தவர் பட்டியலின் அடிக்குப் போனார். நம் சமூகத்தில் இப்படிப்பட்ட அம்மாக்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

2021 ஜூலை

ஜூலை 3-ஆம் தேதி முதல் சிலாங்கூரின் பெரும்பகுதியிலும் கோலாலம்பூரின் சில வட்டாரங்களிலும் கடுமையாக்கப்பட்ட கட்டுப்பாடு. உதவி வேண்டும் என்பதற்கு அடையாளமாக வீடுகளில் வெள்ளைக் கொடி பறந்த நாள்கள் அவை. கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகளில் கட்டில் இல்லை. ஆகஸ்ட் 26-இல் ஒரே நாளில் 24,599 தொற்று பதிவானதே, அந்த உச்சத்தை நோக்கி எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் இவருக்கு வலி நிற்காமல் பிடித்துக்கொண்டது. குளிர் நடுங்கிக் காய்ச்சல். மூன்று நாள் வீட்டிலேயே கிடந்தார். சிறுநீர் தே ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் போனது. கண் மஞ்சளாக இருப்பதை மருமகள் கவனித்து, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

காய்ச்சல் என்பதால் முதலில் கோவிட் சந்தேகப் பகுதி. ஸ்வாப் முடிவு வரும்வரை அங்கேதான் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பணியில் இருந்த இளம் டாக்டர் மஞ்சள் கண், நடுக்கம், வலது பக்க வலி மூன்றையும் சேர்த்துப் பார்த்து, பித்தக்குழாயில் கல் அடைத்துச் சீழ் பிடித்திருக்கிறது என்று உடனே கண்டுகொண்டார். ஸ்வாப்புக்குக் காத்திருக்காமல் கிருமிக்கொல்லி மருந்தை ஏற்றினார். அந்தப் பெண் ஒப்பந்த டாக்டர், நிரந்தரப் பணியில் இல்லாதவர். அதே மாதம் 26-ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் நாடு முழுவதும் வெளிநடப்புச் செய்தார்கள். அவர்கள் எந்த நிலையில் வேலை பார்த்தார்கள் என்பதை நான் அருகில் இருந்து பார்த்தவன். இந்த அம்மா உயிரோடு இருப்பதற்கு முதல் காரணம் அந்த முதல் ஒரு மணி நேரம்.

கணையமும் வீங்கியிருந்தது. பித்தப்பையிலிருந்து நழுவிய கல் குழாயின் அடியில் சிக்கினால் பித்தமும் தேங்கும், கணையமும் கெடும். வாய் வழியாகக் குழாய்க் கேமரா விட்டு, பித்தக்குழாயின் வாயைத் திறந்து கல்லை எடுக்கும் இ.ஆர்.சி.பி.தான் வழி. அதுவும் நுண்துளி பறக்கும் சிகிச்சை. முழுக் கவச உடை, ஸ்வாப் முடிவு, பிறகுதான் அறை. மறுநாள் செய்தோம். ஐசியூவில் இடம் இல்லாததால் வார்டிலேயே ஒரு மூலையை ஒதுக்கி, ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்தை ஓடவிட்டு, இரவும் பகலும் மிஸ்ஸிகள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். பார்வையாளர் அனுமதி இல்லை. மகன் வீடியோ அழைப்பில் வந்தபோது அவருக்குப் பேசத் தெம்பில்லை, கையை மட்டும் அசைத்தார்.

இரண்டு வாரத்துக்கு மேல் படுத்திருந்து வீடு போனார். இப்படிக் கணைய வீக்கம் வந்து தேறியவருக்கு, முடிந்தால் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் முறை. அரங்கம் இல்லை. ஆகஸ்டில் வீட்டில் எல்லோருக்கும் கோவிட், அவருக்கும் வந்தது. இரண்டு ஊசியும் போட்டிருந்ததால் லேசாகப் போனது. ஆனால் தொற்று வந்தவருக்கு 7 வாரத்துக்குள் அறுவை செய்தால் இறப்பு விகிதம் கூடுதலாக இருப்பதை, 116 நாடுகளின் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து கோவிட்சர்ஜ் குழு அதே வருடம் காட்டியிருந்தது. தொற்றிய முதல் இரண்டு வாரத்தில் 4.1 விழுக்காடு, 7 வாரம் கடந்தால் தொற்றே வராதவர்களைப் போல 1.5 விழுக்காடு. ஆகவே மறுபடியும் தள்ளினோம். இந்த முறை தள்ளியபோது வாரா வாரம் ஒருவர் அவருக்குப் போன் செய்தார்.

நவம்பரில் அறுவை. துளைவழியாகத்தான் தொடங்கினார்கள். பல தடவை வீங்கி வடிந்த பித்தப்பை கல்லீரலோடும் குடலோடும் ஒட்டி இறுகிக் கிடந்தது. குழாய் எது, ரத்த நாளம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. தெரியாமல் வெட்டினால் பித்தக்குழாய் போய்விடும், அது வாழ்நாள் தொல்லை. வலது விலாவுக்குக் கீழே வயிற்றைத் திறந்தார்கள். பித்தப்பையை முழுதாக எடுக்க முடியாமல், கல்லையெல்லாம் எடுத்து அடிப்பகுதியை மட்டும் விட்டுத் தைத்தார்கள். சர்க்கரை காரணமாகப் புண் பழுத்தது. தினமும் கிளினிக்கில் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. பள்ளிகள் திறந்தபோது அவரால் கேண்டீனுக்குத் திரும்ப முடியவில்லை, பாத்திரம் தூக்க முடியாது. அடுத்த வருடம் தழும்பின் ஓரத்தில் குடலிறக்கம் தென்பட்டது.

என்ன செய்திருக்கலாம்

‘ஆள் இல்லாத நேரத்தில் யார் கூப்பிடுவது?’ என்று சக ஊழியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் மிஸ்ஸிகளில் பாதிப் பேர் கோவிட் வார்டில் இருந்தார்கள். ஆனால் தொற்றாளரோடு பழகியதற்காக வீட்டில் தனிமைப்படுத்தப்பட்ட ஊழியர்கள் எப்போதும் சிலராவது இருந்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வெளியே வர முடியாது, அவ்வளவுதான். கோவிட் வார்டுக்கு அனுப்பாத கர்ப்பிணி ஊழியர்களும் இருந்தார்கள். அவர்கள் கையில் பட்டியலைக் கொடுத்திருக்கலாம். ஒருவரிடம் பேச ஐந்து நிமிடம் ஆகும். கேட்க வேண்டியவையும் சிக்கலானவை இல்லை: போன தடவை பேசியதிலிருந்து எத்தனை தடவை வலி வந்தது, அவசரப் பிரிவுக்குப் போனீர்களா, நடுங்கிக் காய்ச்சல் வந்ததா, கண்ணோ சிறுநீரோ நிறம் மாறியதா, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது. 2020 ஜூனில் இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் இவர் பெயர் மேலே வந்திருக்கும். தொற்று தணிந்திருந்த செப்டம்பரிலேயே அறுவை முடிந்திருக்கும்.

தனியார் மருத்துவமனைகளில் அரங்குகள் காலியாக இருந்த வாரங்களும் உண்டு. அங்கே சொந்தக் காசில் இந்த அறுவை பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும், கேண்டீன் சம்பளத்தில் நினைத்துப் பார்க்க முடியாது. அரசாங்க நோயாளிகளைத் தனியாரிடம் அனுப்பும் ஏற்பாடு பிற்பாடு வந்தது. ஆனால் யாரை அனுப்புவது என்று முடிவு செய்யவும் பட்டியலில் யார் மோசமாகிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

அந்த நாள்களில் மாலையானால் சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா சொல்லும் எண்ணிக்கைக்காக நாடே காத்திருந்தது. புதிய தொற்று எத்தனை, ஐசியூவில் எத்தனை பேர், வென்டிலேட்டரில் எத்தனை பேர். தள்ளிவைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கைக்கு அப்படி ஒரு மாலை நேரம் இல்லை. ஒரு மருத்துவமனை தனக்குள்ளாவது அந்தக் கணக்கை வாரம் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் பிரிவில் வாதாடினேன். இப்போது வாசிக்கிறோம். தேக்கம் இன்னும் முழுதாகக் கரையவில்லை. வழக்கத்தைவிட 20 விழுக்காடு கூடுதலாக அறுவை செய்தாலும், அந்த 12 வாரத் தேக்கத்தைத் தீர்க்கவே நாடுகளுக்குச் சராசரியாக 45 வாரம் ஆகும் என்று கோவிட்சர்ஜ் குழு 2020-லேயே கணக்கிட்டிருந்தது. மலேசியாவில் தடங்கல் 12 வாரத்தோடு நிற்கவில்லை.

இப்போது அவசரப் பிரிவுக்கு வரும் பித்தக்கல் நோயாளிகளின் பெயர் அன்றைக்கே எங்கள் பட்டியலுக்கு வருகிறது. கோப்பில் இரண்டு எண்கள் கட்டாயம், ஒன்று நோயாளியின் கையில் இருப்பதாக இருக்க வேண்டும். அழைத்துக் கிடைக்கவில்லை என்றால் வீட்டுக்குக் கடிதம் போகிறது. மூன்று தடவைக்கு முன் யாரையும் தாண்டிப் போவதில்லை. அட்டையின் பின்பக்கம் மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் அபாய அறிகுறிகள் அச்சாகியிருக்கின்றன. தமிழ் வரிகளை அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டித்தான் திருத்தினோம். ‘அடர் நிறச் சிறுநீர்’ என்று நான் எழுதியதைப் பார்த்து, “தே ஓ கலர்னு போடுங்க டாக்டர், யாருக்கும் புரியும்” என்றார். அப்படியே போட்டோம்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யாராவது ஏதாவது ஓர் அறுவைக்குக் காத்திருக்கிறார்களா? கோப்பில் என்ன எண் இருக்கிறது என்று கவுண்டரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், மாறியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போனால், தள்ளிப்போன பட்டியலைப் பார்த்துக்கொள்வது யார், எந்த எண்ணில் அழைப்பது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது தொந்தரவு கிடையாது, எங்களுக்கு அது உதவி. வலி வந்த நாள்களை நாள்காட்டியில் குறித்து வாருங்கள். பித்தக்கல் உள்ளவருக்குக் கண் மஞ்சளானாலோ, குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் தே ஓ நிறத்தில் போனாலோ தேதியைப் பார்க்க வேண்டாம். பழைய ஸ்கேன் அறிக்கையையும் சந்திப்பு அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.